ஸ்பான்சர் செய்கிற கம்பெனியைப் பார்க்க ஆக்லாந்துக்கு ஆறு நாள்

இந்தப் பயணத்தை ஊர் சுற்றுவதற்காகப் போகவில்லை. என் கணவர் முருகேசனுக்கு வேலை தருவதாகவும், பிறகு குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க ரெசிடென்ஸ் விசாவுக்கு ஆதரவு தருவதாகவும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. அந்தக் கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் பார்க்கத்தான் போனேன். மார்ச் மாதம், சிங்கப்பூரில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. மகளை அவரிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் சொந்த ஊர் கரூர். சிங்கப்பூருக்கு வந்து பதினொரு வருடம். அவர் குளிர்பதன மெக்கானிக். மீன், இறைச்சி வைக்கிற பெரிய குளிரறைகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. நான் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். ஒரு தாளில் உள்ள எண்ணும் இன்னொரு தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, சந்தேகம் எனக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கடிதத்தில் சந்தேகப்பட நிறைய இருந்தது. வீடியோவில் நடந்த நேர்காணல் வெறும் இருபது நிமிடம்தான். ரெசிடென்ஸுக்கு ஆதரவு தருவோம் என்று ஒரு வரி இருந்தது. எப்போது, எப்படி என்று இல்லை. கம்பெனி முகவரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் பிளாட் புஷ் என்ற பகுதியில் ஒரு மாடி வீடு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னையில் இருக்கும் ஏஜென்ட், "நீங்க நேரடியா கம்பெனிக்காரங்களைத் தொடர்பு கொள்ளாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். பிடிக்காமல் போவதற்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கடிதத்தை நம்பி அவர் சிங்கப்பூர் வேலையை விட வேண்டும். நானும் விட வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னபோது முருகேசனுக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கு வெட்டிச் செலவு? அதான் கம்பெனி பேரு அங்கீகாரப் பட்டியல்ல இருக்கே" என்றார். இருந்தது உண்மைதான். குடிவரவுத் துறையின் இணையதளத்தில், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அங்கீகாரம் பெற்ற முதலாளிகளின் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். ஆனால் பட்டியலில் இருக்கும் பெயரை வேறு யாராவது கடிதத்தில் போட்டுக்கொள்ள முடியாதா என்ன?

இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் எனக்குச் சுற்றுலா விசா தேவைப்பட்டது. இணையத்தில் விண்ணப்பித்துப் பத்தொன்பது நாளில் வந்தது. கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, அரசு இணையதளத்தில் மட்டும் பாருங்கள். விமானம் போகவர 1,140 சிங்கப்பூர் டாலர். சனிக்கிழமை இரவு 8.15க்குப் புறப்பட்டு, ஞாயிறு காலை 11.10க்கு ஆக்லாந்தில் இறங்கினேன். பத்து மணி நேரம்தான் பயணம். மார்ச்சில் சிங்கப்பூரைவிட அங்கே ஐந்து மணி நேரம் முன்னே.

இறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய பயணி அறிவிப்பை இணையத்திலேயே இலவசமாக நிரப்பலாம். கொண்டுபோகும் உணவு அத்தனையையும் அதில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் நானூறு நியூசிலாந்து டாலர் அபராதம். நான் சாம்பார்ப் பொடி, முறுக்கு இரண்டையும் குறித்திருந்தேன். அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டபோது, "ஊரைப் பார்க்க" என்றேன். பொய் இல்லைதான். ஆனாலும் காது சூடாகிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து மானுகாவுக்கு ஆரஞ்சு நிறப் பஸ் அடிக்கடி ஓடுகிறது. தனியாகப் பஸ் அட்டை வாங்க வேண்டியதில்லை. வங்கி அட்டையைத் தட்டினால் போதும். என் அட்டையில் 4 டாலர் 80 சென்ட் கழிந்தது. மானுகாவில் பஸ் மாறி இருபது நிமிடத்தில் பிளாட் புஷ். ஒரு இரவுக்கு 85 டாலர் என்று ஐந்து இரவுக்கு அறை எடுத்திருந்தேன். ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் பின்பக்க அறை. அதே விலைக்கு வேறு இடங்களும் கிடைத்தன. ஆனால் இந்த வீட்டிலிருந்து கடிதத்தில் இருந்த முகவரி எழுநூறு மீட்டர்தான்.

பெட்டியை வைத்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் அங்கே நடந்து போனேன். பிளாட் புஷ் புதிதாக முளைத்த பகுதி. ஒரே மாதிரி சாம்பல் நிறக் கூரைகள், ஒரே மாதிரி தபால் பெட்டிகள். நடைபாதையில் தமிழ், பஞ்சாபி, சீனம் எல்லாம் கேட்கிறது. பிள்ளைகள் மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். நான் தேடிய வீட்டில் கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. வாசலில் ஒரு கார், ஒரு சைக்கிள், காயப்போட்ட காலணிகள். எதிர்ப்பக்கம் நின்று மூன்று படம் எடுத்தேன். மாடி ஜன்னலில் ஒரு திரை அசைந்தது. சட்டென்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறெங்கோ போகிறவள் மாதிரி நடந்தேன்.

திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்கு ஈஸ்ட் டாமாக்கிக்கு வண்டி பிடித்தேன். கம்பெனிகளின் அரசுப் பதிவேட்டிலும் யாரும் தேடிப் பார்க்கலாம். அதில் பட்டறை முகவரி என்று இந்தப் பகுதியைப் போட்டிருந்தார்கள். ஆறு கிலோமீட்டர், பதினான்கு நிமிடம், 19 டாலர். ஓட்டுநர் ராம் சாமி, ஃபிஜியில் பிறந்தவர், அறுபது வயதிருக்கும். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கரும்பு வெட்டப் போனவராம். "வாங்க, உக்காருங்க, தண்ணி" என்பதோடு அவர் தமிழ் முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் ஆங்கிலம்.

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் தம்பி மகன் இப்படித்தான் ஒரு உணவகத்தில் சமையல் வேலை என்று கடிதத்தை நம்பி வந்தானாம். வந்து இறங்கிய வாரம் உணவகத்தின் கதவில் பூட்டு தொங்கியது. விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது என்பதால் வேறு இடத்தில் உடனே சேரவும் முடியவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டான். "நீங்கள் பார்க்க வந்தது நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை உங்கள் கணவருக்கு. அவர் ஏன் வரவில்லை?" என்றார்.

"லீவு கிடைக்கல" என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்திருக்காது. புரிந்ததுபோல் தலையாட்டினார்.

ஈஸ்ட் டாமாக்கி முழுக்கத் தகரக் கூரைக் கட்டடங்கள். கிடங்குகள், பட்டறைகள், லாரிகள். நடந்துபோகிறவர் யாரும் கிடையாது. அங்கே நடந்தாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். பதிவேட்டில் இருந்த எண்ணில் தரை ஓடு இறக்குமதி செய்யும் ஒரு கடையின் பலகைதான் இருந்தது. சரி, இதோடு முடிந்தது, ஊருக்குப் போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போனால் ஒரு பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே செம்புக் குழாய்கள், கம்ப்ரஸர்கள், ஏணி கட்டிய இரண்டு வெள்ளை வேன்கள். பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அங்கிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, தெரு முனையில் இருந்த பேக்கரியில், மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பை (pie) ஒன்று வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும், முழங்கை வரை கிரீஸ். பார்த்தாலே நம்ம ஊர் என்று தெரிந்தது. நானும் காய்கறி பை ஒன்று வாங்கிக்கொண்டு (7 டாலர், மேல்மாவு நன்றாக இருந்தது) பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ராமநாதபுரம் பக்கம், அக்கா." பெயர் பிரபு என்றார். அதுவரை முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அந்தப் பட்டறைலதான் வேலையா? சம்பளம் ஒழுங்கா வருதா? ரெசிடென்ஸுக்கு ஏதாவது செஞ்சு தர்றாங்களா?"

சிரிப்பு போய்விட்டது. பையைக் காகிதத்தில் மடித்தார். "நீங்க யாரு அக்கா? இமிகிரேஷனா?"

"இல்லப்பா, என் வீட்டுக்காரருக்கு இங்க வேலைன்னு…"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன் அக்கா. நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க." பாதி சாப்பிட்டதோடு எழுந்து போய்விட்டார்.

பயந்துகிடக்கிற ஆள் இப்படித்தான் பேசுவான் என்று முடிவு கட்டினேன். மாலையில் போனில் முருகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு முகவரி, வேறு கடையின் பலகை, வாயைத் திறக்காத தொழிலாளி. அவர் நான் எதிர்பார்த்தது மாதிரிக் கவலைப்படவில்லை. "நீ யார்கிட்டயும் போய் எதையும் கேக்காத. கெடுத்துறாத" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடியும் அந்த வீட்டுப் பக்கம் நடந்தேன். இந்த முறை கதவு திறந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேராக ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார்.

"நீங்கள் ஆர்?" என்றார், யாழ்ப்பாணத் தமிழில். "ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டைப் படம் எடுத்தியள். நேற்று எங்கட பொடியனிட்டைப் போய்ச் சம்பளம் கேட்டிருக்கிறியள். என்ன விசயம்?"

முருகேசனின் மனைவி ரேவதி என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிங்கப்பூர் முருகேசன்ர மனுசியோ? உள்ளுக்கு வாங்கோ, கதைப்பம்" என்றார். அந்தக் குரலில் வரவேற்பு இல்லை.

அவர்தான் முதலாளி. ரஞ்சினி என்று பெயர். அவரும் கணவருமாகத் தொடங்கிய கம்பெனி. கணவர் வேலை நடக்கும் இடங்களைப் பார்த்துக்கொள்ள, இவர் வீட்டின் முன்னறையில் இருந்து கணக்கும் கடிதமும் பார்க்கிறார். என் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன், எதையும் மறைக்கவில்லை. அவரும் மறைக்காமல் பதில் சொன்னார். பட்டறை இருக்கும் பின்பாதியைத் தரை ஓட்டுக் கடைக்காரரிடமிருந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், பலகை வைக்க அனுமதி இல்லை. கடிதப் போக்குவரத்து வீட்டு முகவரிக்குத்தான். ஏஜென்டோ, விண்ணப்பதாரருக்கு ஆங்கிலம் சரளமாக வராது, எல்லாவற்றையும் தன் வழியாகவே அனுப்புங்கள் என்று இவரிடமும் சொல்லியிருக்கிறார்.

"இருபது நிமிஷத்துல எப்படி ஒருத்தரை வேலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒரு பழுதான கம்ப்ரஸரின்ர சத்தத்தைப் போனில போட்டுக் காட்டினனான். உங்கட மனுசன் கேட்டுப்போட்டு என்ன பிழையெண்டு சொன்னவர். அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?"

எனக்கு மனம் இளகியது. அப்போதுதான் அவர் மேசையில் இருந்த கோப்பைத் திறந்தார்.

"இப்ப நான் கேக்கிறன். நீங்கள் அவற்ர மனுசிதான் எண்டு எனக்கு எப்படித் தெரியும்? ஆரும் வந்து சொல்லலாம். அவர் டிப்ளோமா படிச்சது எந்த ஊரில?"

"டிப்ளோமாவா? அவரு ஐ.டி.ஐ.தானே…" என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். "திருச்சியில" என்று முடித்தேன். அவர் படித்தது திருச்சி ஐ.டி.ஐ.யில்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரஞ்சினி கோப்பை என் பக்கம் திருப்பினார். சென்னையில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு கல்லூரியின் டிப்ளோமாச் சான்றிதழ். முருகேசனின் பெயர், பிறந்த தேதி, அவர் புகைப்படம். அதன் கீழே, நான்கு வருடம் எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளராக இருந்தார் என்று ஒரு அனுபவக் கடிதம். அந்த நான்கு வருடத்தில் அவருக்குக் கீழே ஒருவர்கூட வேலை செய்ததில்லை. இரண்டின் ஓரத்திலும் உண்மை நகல் என்று அவருடைய கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

"ஒண்டில் நீங்கள் அவற்ர மனுசி இல்லை. இல்லாட்டி இந்தப் பேப்பர் சரியில்லை" என்றார் ரஞ்சினி. "ரெண்டில ஒண்டு."

அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன். வாசல்வரை வந்தார்.

"வெள்ளிக்கிழமை நான் அவருக்கு விசா விண்ணப்பத்துக்கான லிங்க் அனுப்பவேணும். ஒண்டு சொல்லிறன், ரேவதி. பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு நான் அனுப்பினால் என்ர அங்கீகாரம் போகும். இஞ்ச பதினொரு பேர் வேலை செய்யினம். அதில நாலு பேர் ரெசிடென்ஸுக்குப் பாத்துக்கொண்டிருக்கினம். நேற்று நீங்கள் பிடிச்சு விசாரிச்ச பொடியன் அதில ஒராள். அடுத்த மாசம் அவன்ர விண்ணப்பம் போகுது. அதுதான் வாய் திறக்கப் பயப்பிடுறான்."

பக்கத்துப் பூங்காவுக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முருகேசனைக் கூப்பிட்டேன். வேலை நேரம், ஆனாலும் எடுத்தார்.

"என்னங்க, நீங்க எப்ப டிப்ளோமா படிச்சீங்க?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"ரேவதி, அது… ஐ.டி.ஐ. மட்டும் வச்சா ரெசிடென்ஸ் கிடைக்காதுன்னு ஏஜென்ட் சொன்னான். எல்லாரும் இப்படித்தான் போடுறாங்கன்னான்."

"அவன் போட்டானா, நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"நான்தான் போட்டேன்."

கோபத்தைவிட வேறொன்றுதான் முதலில் வந்தது. பத்து மணி நேரம் பறந்து வந்து, ஒரு வீட்டை வேவு பார்த்து, ஒரு பிள்ளையைச் சாப்பிட விடாமல் துரத்தி, எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். கோப்பில் என்ன போகிறது என்று என் வீட்டில் இருக்கும் ஆளிடம் மட்டும் கேட்கவே இல்லை. என் தொழிலே தாளைச் சரிபார்ப்பதுதான்.

ஒரு மணி நேரத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டார். ஏஜென்டிடம் பேசிவிட்டாராம். நான் வருடங்களைக் குழப்பிக்கொண்டேன், இரண்டையும் அவர் படித்திருக்கிறார் என்று ரஞ்சினியிடம் நான் சொன்னால் போதுமாம். "அவங்க நம்பிருவாங்க. நீ சொன்னா நம்புவாங்க" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை அறையில் உட்கார முடியவில்லை. மானுகாவிலிருந்து ரயிலில் நகரத்துக்குப் போனேன், முக்கால் மணி நேரம். ரயிலடியிலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து டெவன்போர்ட்டுக்குப் பன்னிரண்டு நிமிடப் படகு. இறங்கி, விக்டோரியா குன்றின் மேல் இருபது நிமிடத்தில் ஏறலாம், கட்டணம் கிடையாது. உச்சியிலிருந்து துறைமுகமும் நகரமும் எதிரே முழுசாகத் தெரிகின்றன. ஆக்லாந்துக்குப் போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் என்று மனதாரச் சொல்வேன். காற்று பலமாக அடிக்கும். மார்ச்சிலும் மேல்சட்டை வேண்டும்.

அங்கே புல்லில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் யோசித்தேன். உண்மையைச் சொல்லச் சொல்வது சுலபம். பதினொரு வருடமாக ஒவ்வொரு இரண்டு வருடமும் வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று காத்திருந்தவர் அவர். மகளுக்கு ஒரு நாட்டைச் சொந்தம் என்று காட்ட முடியவில்லையே என்று என்னைவிட அவர்தான் வருந்துவார். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். நான் ஒரு பொய் சொன்னால் போதும், அவர் ஆசைப்பட்டது நடந்துவிடலாம். ஆனால் இந்தப் பொய் எங்களோடு நிற்காது. என்றைக்காவது பிடிபட்டால் எங்கள் விசா போகும்; போகட்டும். எனக்கு முகம் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் போகும். இது போதாதென்று இன்னொரு கேள்வியும் குடைந்தது. இதை மறைத்தவர் வேறு எதை மறைத்திருக்கிறார்? பதினான்கு வருடத் திருமணத்தில் அப்படி நினைத்தது அதுதான் முதல் முறை.

படகில் திரும்பும்போது அவருக்கு எழுதினேன்: "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நாளைக்கு இங்க மதியம் பன்னிரண்டு, அங்க காலைல ஏழு மணி. அந்த அம்மா முன்னாடி நான் போனோட உக்காந்திருப்பேன்." மாலையில் "சரி" என்று ஒற்றைச் சொல் வந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்கு ரஞ்சினியின் மேசையில் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் முருகேசன் வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகவே சொன்னார்.

"மேடம், அந்த டிப்ளோமா என்னோடது இல்ல. சூப்பர்வைசர் லெட்டரும் பொய்தான். நான் ஐ.டி.ஐ. முடிச்சவன். பதினொரு வருஷமா கையால வேலை செய்யிறேன். அது மட்டும்தான் உண்மை."

ரஞ்சினி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அது இல்லாம நீங்க எடுக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் விளம்பரத்தில டிப்ளோமா கேக்கேல்லை. கையால வேலை செய்த ஆளைத்தான் நான் தேடினனான்." "உங்கட உண்மையே எனக்குப் போதுமாயிருந்தது. இப்ப என்ன செய்யிறது, சொல்லுங்கோ. உங்கட ஐ.டி.ஐ. சான்றிதழைக் காட்டினாலும் நான் ரெண்டு தரம் பாப்பன்."

முருகேசன் தலை குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டார். ரஞ்சினி அவரைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வேலைக் கடிதத்தை விலக்கிக்கொள்வதாக எனக்கு முன்பாகவே தட்டச்சு செய்து அனுப்பினார். பிறகு என்னை பஸ் நிறுத்தம்வரை காரில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "இண்டைக்கு நீங்கள் வந்து உண்மையைச் சொல்லாட்டி, அந்தப் பேப்பரை நான் போலீசிட்டைத்தான் குடுத்திருப்பன்" என்றார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை ராம் சாமியின் வண்டியிலேயே விமான நிலையம் போனேன். கம்பெனி எப்படி என்று கேட்டார். கம்பெனி நல்ல கம்பெனி என்றேன். அப்புறம் எப்போது குடி வருகிறீர்கள் என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஏஜென்ட் எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார். அவருக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். ரஞ்சினி அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார். பிரபுவுக்கு ஆகஸ்டில் ரெசிடென்ஸ் கிடைத்தது. என் எண்ணை எப்படிப் பிடித்தாரோ, அவரே செய்தி அனுப்பினார்: "இப்ப கேளுங்க அக்கா, எல்லாம் சொல்றேன். நல்ல கம்பெனிதான்."

நீங்களும் இப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால், நான் சொல்வது இதுதான். முதலாளியின் பெயரை அங்கீகாரப் பட்டியலிலும் கம்பெனிப் பதிவேட்டிலும் நீங்களே தேடுங்கள். ஆலோசனை சொல்கிறவருக்கு அந்த நாட்டு உரிமம் உண்டா என்று பாருங்கள்; அதற்கும் பொதுப் பட்டியல் உண்டு. வேலை கொடுப்பதற்காகப் பணம் கேட்பது நியூசிலாந்தில் சட்டவிரோதம். நேரடியாகப் பேசாதே என்று யார் சொன்னாலும் அன்றைக்கே நேரடியாகப் பேசுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, என்னுடையது உட்பட எந்த வலைப்பூவையும் நம்பாமல் அரசுப் பக்கத்தைப் படியுங்கள். இத்தனையும் செய்வதற்கு முன்னால், உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட கோப்பை ஏஜென்டிடமிருந்து கேட்டு வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படியுங்கள். கணவன் மனைவி இருவருமே படியுங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் ஆக்லாந்துக்கே நான் போயிருக்க வேண்டியதில்லை. ஒருவேளை இன்றைக்குக் குடும்பத்தோடு அங்கேயே இருந்திருப்போம்.

முருகேசன் இப்போது தானே விண்ணப்பங்களை அனுப்புகிறார், ஐ.டி.ஐ. சான்றிதழோடும் உண்மையான அனுபவக் கடிதத்தோடும். மூன்று இடங்களிலிருந்து இல்லை என்று பதில் வந்துவிட்டது. நான்காவதை அனுப்புவதற்கு முன், போன வாரம், மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, "ஒரு தடவை படிச்சிரு" என்றார். படித்தேன். வேலையில் சேர்ந்த வருடம் ஒன்று கூடியிருந்தது. அவசரத்தில் தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து போய் அலமாரியிலிருந்து மூலக் கடிதத்தை எடுத்துவந்து, பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தேன். அவர் கோபப்படவில்லை. நான் முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.